எட்டாம் கட்டிலின் சந்தேகம்

மிஸ்டர் டன்ஸ்டன் பொய் சொல்கிறாரோ என்ற சந்தேகம் லினெட்டுக்கு ஒரு சனிக்கிழமை பிற்பகல், சரியாக மூன்று மணி இருபது நிமிடத்துக்கு வந்தது.

ஹெட்போனில் அவர் குரல் வழக்கம்போல முழங்கியது. "நீலச் சட்டைக்காரன் ஓங்கி அடிக்கிறான்! நம்ம கோல்கீப்பர் மோஸ் பாய்ஞ்சு பிடிச்சுட்டாரு! என்னா பிடி! என்னா பிடி!"

லினெட் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுத்தாள். கண்ணாடியைப் போர்வையில் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். கோல்கீப்பர் மோஸ் கையில் பந்து இல்லை. அது கம்பத்துக்கு மேலே பறந்துபோய் வெளியே சுவரில் மோதி உருண்டுகொண்டிருந்தது. மோஸ் இடுப்பில் கைவைத்தபடி அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்.

"கீத், கேட்டியா? பொய்!" என்றாள் லினெட்.

"என்ன பொய்?" என்றான் பக்கத்துக் கட்டில் கீத். அவனுக்கு எட்டு வயது. இடுப்பிலிருந்து முழங்கால்வரை மாவுக்கட்டு.

"மோஸ் பந்தைப் பிடிக்கவே இல்லை!"

"மிஸ்டர் டன்ஸ்டன் மைதானத்துல உட்கார்ந்திருக்காரு. நீ கட்டில்ல படுத்திருக்கே. யாருக்கு நல்லாத் தெரியும்?"

லினெட்டுக்குப் பத்து வயது. கொட்டகைக் கூரையில் சிக்கிய பந்தை எடுக்க ஏறியவள், பந்தோடு சேர்ந்து கீழே வந்துவிட்டாள். தொடை எலும்பு முறிந்து, ஹெப்பிள்டன் மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், குழந்தைகள் வார்டில், எட்டாம் கட்டிலில் ஐந்து வாரமாகக் கிடக்கிறாள். காலில் கயிறு கட்டி, மறுமுனையில் எடைகளைத் தொங்கவிட்டு, காலை அந்தரத்தில் தூக்கி வைத்திருந்தார்கள். புரண்டு படுக்கக்கூட முடியாது.

ஆனால் கட்டிலை ஒட்டி ஜன்னல் இருந்தது. அப்பாவின் பைனாகுலரும் இருந்தது. அப்பா கப்பலில் சமையல்காரர், கிறிஸ்துமஸுக்குத்தான் வருவார். மலைச்சரிவுக்குக் கீழே, இரண்டு புகைபோக்கிகளுக்கு நடுவே, டவுன் அணியின் கால்பந்து மைதானத்தில் ஒரே ஒரு கோல் கம்பம் தெரியும். அந்த ஒன்றை மட்டும் லினெட் அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்துவிடுவாள்.

அது 1968ஆம் ஆண்டு. ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் சுவரில் ஒரு ஹெட்போன் தொங்கும். அதை மாட்டினால் மருத்துவமனையின் சொந்த வானொலி கேட்கும். கீழே, அடித்தளத்தில் ஒரு சின்ன அறையிலிருந்து ஐந்தாறு பேர் சம்பளம் வாங்காமல் அதை நடத்தினார்கள். புதன்கிழமை நேயர் விருப்பப் பாடல்கள். சனிக்கிழமை மைதானத்திலிருந்து நேர்முக வர்ணனை. வர்ணனையாளர் மிஸ்டர் வில்ஃப் டன்ஸ்டன்.

இரண்டாம் பாதியில் சந்தேகம் இன்னும் முற்றியது. மைதானத்திலிருந்து "ஓ!" என்று கூட்டத்தின் சத்தம் எழுந்தது. அதற்குப் பிறகுதான் மிஸ்டர் டன்ஸ்டன், "கோல்! செம்பட்டைத் தலை டாய்ல் அடிச்ச கோல்!" என்று கத்தினார்.

லினெட் பார்த்தது வேறு. பந்தைத் தலையால் முட்டி உள்ளே தள்ளியது பார்க்கர். பார்க்கருக்குத் தலையில் செம்பட்டை முடியும் இல்லை, கறுப்பு முடியும் இல்லை. முழு வழுக்கை.

மாலைப் பத்திரிகையிலும் பார்க்கர் பெயர்தான் இருந்தது. லினெட் அதைக் கீத்தின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"பத்திரிகைக்காரங்க தப்பா போட்டுட்டாங்க" என்றான் கீத்.

"இவரு மைதானத்துக்கே போறது இல்லைன்னு நினைக்கிறேன். எங்கேயோ டீக்கடையில உட்கார்ந்து அளந்து விடறாரு."

"அப்போ கூட்டம் கத்துற சத்தம்?"

லினெட் யோசித்தாள். ஜன்னல் வழியாகச் சத்தம் வரும் அதே நொடியில் ஹெட்போனிலும் அது கேட்கிறது. அப்படியானால் அவர் மைதானத்தில்தான் இருக்கிறார். இருந்துகொண்டே தப்பாகச் சொல்கிறார். அது இன்னும் மோசமாகத் தோன்றியது.

"ஒருவேளை நீல அணிக்காரங்களோட ஆளோ?"

கீத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "போன புதன்கிழமை அவரு ரேடியோவுல என் பேரைச் சொன்னாரு. 'ஒன்பதாம் கட்டில் வீரன் கீத்துக்கு'ன்னு சொன்னாரு. அவரைப் பத்தி இன்னொரு வார்த்தை பேசினே, உன்கூட டூ!"

திங்கட்கிழமை வார்டுக்குள் மிஸ் பெம்பர்டன் வந்தார். மருத்துவமனையின் செயலாளர் அவர். கையில் ஒரு அட்டை, காதில் ஒரு பென்சில். ஒவ்வொரு கட்டிலாக நின்றார்.

"வார்டுக்கு ஒரு டெலிவிஷன் வாங்கலாம்னு இருக்கோம்" என்றார். "அது வந்துட்டா ரேடியோ எதுக்கு? அந்த அறையை சாமான் வைக்கிறதுக்கு எடுத்துக்கலாம். வர்ற சனிக்கிழமை நானே உட்கார்ந்து ஒரு ஆட்டத்தைக் கேட்டுட்டு முடிவு பண்ணப்போறேன். நீ ரேடியோ கேட்பியாம்மா? எப்படி இருக்கு?"

லினெட்டின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. 'அவர் பொய் சொல்றாரு.' மூன்றே வார்த்தைகள். பக்கத்துக் கட்டிலிலிருந்து கீத் அவளை முறைத்துக்கொண்டிருந்தான்.

ஆனால் ஏன் பொய் சொல்கிறார் என்பது இன்னும் தெரியவில்லையே.

"இன்னும் முடிவு பண்ணலை, மிஸ்" என்றாள்.

மிஸ் பெம்பர்டன் பென்சிலை மறுபடியும் காதில் செருகிக்கொண்டார். "நானும்தான்" என்றார்.

புதன்கிழமை மாலை மிஸ்டர் டன்ஸ்டன் நேயர் விருப்பச் சீட்டுகளோடு வந்தார். பருத்த உடம்பு, வெள்ளை மீசை, பழைய பேருந்து நடத்துநர் கோட்டு. லினெட் அவரை இமைக்காமல் பார்த்தாள்.

வாசலில் குளுக்கோஸ் பாட்டில் தொங்கும் கம்பி நின்றது. அதைப் பார்த்து அவர் தொப்பியைத் தூக்கி, "வணக்கம் சிஸ்டர்!" என்றார்.

வார்டே சிரித்தது. அவரும் சிரித்தார். எப்போதும் செய்யும் வேடிக்கை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். லினெட் மட்டும் சிரிக்கவில்லை.

கீத்தின் பொம்மைக் கரடியைத் தட்டிக்கொடுத்து, "பூனைக்குட்டி சௌக்கியமா?" என்றார்.

"பூனையா?" என்று கீத் உருண்டு புரள முடியாமல் சிரித்தான்.

"பாட்டுப் பேரை நீங்களே சீட்டுல எழுதுங்க, தங்கம். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்" என்று ஆளுக்கொரு சீட்டு கொடுத்தார்.

லினெட் பென்சிலை எடுத்தாள். சீட்டின் மேல் பென்சிலை ஓட்டுவதுபோல ஓட்டினாள். ஆனால் பென்சில் முனை காகிதத்தைத் தொடவே இல்லை. வெற்றுச் சீட்டை அவரிடம் நீட்டினாள்.

மிஸ்டர் டன்ஸ்டன் அதை முகத்துக்கு அருகே கொண்டுபோனார். தலையை ஆட்டினார். "அடடா! நல்ல பாட்டு. நானே கேட்கணும்னு நினைச்சது."

லினெட் கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் அது அவள் எதிர்பார்த்த சந்தோஷமாக இல்லை.

"மிஸ்டர் டன்ஸ்டன்" என்றாள் மெதுவாக, கீத்துக்குக்கூடக் கேட்காமல். "அதுல நான் ஒண்ணுமே எழுதலை."

அவர் அப்படியே நின்றார். பிறகு நாற்காலியைக் கையால் தடவிக் கண்டுபிடித்து உட்கார்ந்தார்.

"கெட்டிக்காரிதான் நீ" என்றார். மீசை ஒருமுறை ஆடியது.

"உங்களுக்குக் கண்ணு தெரியலையா?"

"தெரியுது. ஆனா எல்லாம் பால் ஊத்தின மாதிரி தெரியுது. புரைன்னு நினைக்கிறேன். ஆறு மாசமாச்சு."

"டாக்டர்கிட்ட காட்டலையா? இங்க எத்தனை டாக்டருங்க இருக்காங்க!"

"காட்டினா, 'மைதானத்துக்குப் போகாதே'ன்னு சொல்லிடுவாங்க. எனக்குப் பதிலா வர்ணனை பண்ண ஆள் இல்லை தங்கம். ரேடியோவை மூடிடுவாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "பதினேழு வருஷத்துக்கு முன்னால பஸ் கவிழ்ந்து முதுகு உடைஞ்சு இங்கதான் படுத்திருந்தேன். சனிக்கிழமையானா மைதானத்துல இருந்து 'ஓ'ன்னு சத்தம் வரும். யாரு கோல் போட்டான், நம்மாளா எதிராளியான்னு தெரியாது. மூணு மாசம். பைத்தியம் பிடிக்கிற மாதிரி ஆயிடுச்சு. எழுந்து நடந்த உடனே, தபால்-தந்தி ஆபீஸ் நண்பர்களைப் பிடிச்சு, மைதானத்துல இருந்து இங்க வரைக்கும் ஒரு தொலைபேசி கம்பி இழுத்தோம். அப்படி ஆரம்பிச்சதுதான் இந்த ரேடியோ."

லினெட்டுக்கும் அந்த "ஓ" தெரியும்.

"யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றார் அவர்.

"அப்படி சத்தியம் பண்ண முடியாது, மிஸ்டர் டன்ஸ்டன். தப்புத் தப்பா சொன்னா எல்லாரும் ஏமாந்து போவாங்க. கீத் உங்களுக்காக என்கூட சண்டை போடறான், தெரியுமா?"

அவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். பெரியவர் ஒருவரை அப்படிப் பார்க்க லினெட்டுக்குப் பிடிக்கவில்லை. அவள் மூளை வேகமாக ஓடியது. நல்ல கண் வேண்டும். ஓடுகிற எதையும் தப்பவிடாத கண். அப்படி ஒரு கண் யாருக்கு இருக்கிறது?

அவளுக்குத் தெரியும்.

லினெட்டின் அம்மா எட்னா, ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். நாள் முழுக்க அவர் முன்னால் பிஸ்கட்டுகள் வரிசையாக ஓடிக்கொண்டே இருக்கும். விரிசல் விட்டதை மட்டும் பார்த்துப் பொறுக்க வேண்டும். நிமிடத்துக்கு நூறு பிஸ்கட் ஓடினாலும் ஒன்றுகூட அவர் கண்ணுக்குத் தப்பாது.

ஆனால் ஒரு சிக்கல். பார்வையாளர் நேரம் வாரத்தில் இரண்டே நாள். புதன்கிழமை அம்மாவுக்கு வேலை. சனிக்கிழமை இரண்டிலிருந்து மூன்றுவரை மட்டும்தான் அம்மா வர முடியும். ஆட்டமும் மூன்று மணிக்கே தொடங்கிவிடும். அம்மாவை மைதானத்துக்கு அனுப்பினால், அவர் முகத்தைப் பார்க்க இன்னும் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். மொத்தம் இரண்டு வாரம்.

லினெட் கையை நீட்டி, "அந்த வெத்துச் சீட்டைக் கொடுங்க" என்றாள்.

இந்த முறை உண்மையாகவே எழுதினாள். முன்னும் பின்னும் எழுதினாள். மடித்துக் கொடுத்தாள்.

"எங்க வீட்டுல போய் அம்மாகிட்ட கொடுங்க. கேஸ் வொர்க்ஸ் தெரு, பதினாலாம் நம்பர். பச்சைக் கதவு... உங்களுக்குத்தான் நிறம் சரியாத் தெரியாதே. மூலையில இருந்து மூணாவது கதவு. அப்புறம் இன்னொண்ணு. சனிக்கிழமை ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் நீங்களே உண்மையைச் சொல்லணும்."

"மிஸ் பெம்பர்டன் கேட்டுட்டு இருப்பாங்களே!"

"ஆமா" என்றாள் லினெட்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு மணி அடித்தது. அம்மாக்களும் அப்பாக்களும் சித்திகளும் பூவும் பழமுமாக உள்ளே வந்தார்கள். எட்டாம் கட்டில் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. லினெட் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அம்மா போயிருப்பாரா? அவருக்குக் கால்பந்து என்றாலே ஆகாது. சீட்டை எழுதியது உண்மையிலேயே லினெட்தானா என்று சந்தேகப்பட்டிருந்தால்? மிஸ்டர் டன்ஸ்டன் சீட்டைக் கொடுக்காமலே பையில் போட்டுக்கொண்டிருந்தால்? உண்மையைச் சொல்லப் பயந்து அவர் வராமலே இருந்துவிட்டால்?

மூன்று மணிக்குப் பார்வையாளர்கள் போனார்கள். மிஸ் பெம்பர்டன் வந்தார். வார்டு முழுக்கப் பார்த்துவிட்டு, அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

கரகரவென்று ஒலி. பிறகு மிஸ்டர் டன்ஸ்டனின் குரல். அதில் முழக்கம் இல்லை.

"நேயர்களே, ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னால ஒரு விஷயம். எனக்குக் கண்ணுல புரை. ஆறு மாசமா பந்து சரியாத் தெரியலை. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டு இருந்தேன். போன வாரம் பார்க்கர் போட்ட கோலை டாய்ல் போட்டதா சொன்னேன். பார்க்கர்கிட்டயும் உங்ககிட்டயும் மன்னிப்பு கேட்டுக்கிறேன்."

கீத்தின் வாய் திறந்தபடி இருந்தது. அவன் லினெட்டைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. மிஸ் பெம்பர்டனின் புருவங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவை மேலே ஏறிக்கொண்டே போயின.

அப்போது ஓர் இளம் நர்ஸ் ஓடிவந்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் மூச்சு வாங்கினாள். "மிஸ் பெம்பர்டன், கண் வார்டுல இருந்து தகவல் சொல்லி அனுப்பியிருக்காங்க. 'எங்களுக்கும்தான் ஒண்ணும் தெரியலை. அவரை நிறுத்தாம சொல்லச் சொல்லுங்க'ன்னு பன்னிரண்டு பேரும் ஒரே குரலா சொல்றாங்க!"

ஹெட்போனில் மிஸ்டர் டன்ஸ்டன் தொடர்ந்தார். "இன்னைக்கு எனக்குப் பக்கத்துல ஒரு நல்ல ஜோடிக் கண்ணு உட்கார்ந்திருக்கு. பேசுங்கம்மா."

"என்னத்தைப் பேசறது?" என்றது ஒரு பெண் குரல்.

லினெட் ஹெட்போனை இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"பார்க்கிறதைச் சொல்லுங்க."

"சரி. செம்பட்டைத் தலைக்காரன் ஒருத்தன், ஒரு சாக்ஸ் மேல, ஒரு சாக்ஸ் கீழ, பந்தை உருட்டிட்டு ஓடறான்."

"டாய்ல்! இடது பக்கமா போவான், பாருங்க!"

"அட, இடது பக்கம்தான் போறான். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ஆறு வருஷத்துல அவன் வலது பக்கம் போனதே இல்லைம்மா."

"ஐயய்யோ, விழுந்துட்டான். முழுக்கச் சேறு. அந்த வெள்ளை டவுசரை எல்லாம் யாருங்க துவைக்கிறது?"

"மோஸோட சம்சாரம்."

"பதினோரு டவுசருமா? பாவம் அந்தம்மா!"

வார்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். லினெட் திரும்பிப் பார்த்தாள். மிஸ் பெம்பர்டன்!

லினெட் சும்மா இருக்கவில்லை. பைனாகுலரை எடுத்து, தனக்குத் தெரிந்த ஒற்றைக் கோல் கம்பத்தில் நடப்பதை அம்மா சொல்லும் ஒவ்வொரு வார்த்தையோடும் ஒத்துப்பார்த்தாள். நீலச் சட்டைக்காரன் அடித்தது வெளியே போனதா? வெளியேதான் போனது. மோஸ் பிடித்தாரா? பிடித்தார். இரண்டாம் பாதியில் "ஓ!" என்று சத்தம் எழுந்தபோது அம்மா சத்தத்தை முந்திக்கொண்டு கத்தினார். "அந்த வழுக்கைத் தலையில பட்டு உள்ள போயிடுச்சு!"

"பார்க்கர்!" என்று முழங்கினார் மிஸ்டர் டன்ஸ்டன். பழைய முழக்கம். "பார்க்கர் போட்ட கோல்! இந்தத் தடவை சத்தியமா பார்க்கர்!"

ஹெப்பிள்டன் டவுன் ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றது. ஆனாலும் வார்டு முழுக்கக் கைதட்டினார்கள்.

மிஸ் பெம்பர்டன் ஹெட்போனைக் கழற்றினார். "யாரு அந்த அம்மா?"

"எங்கம்மா, மிஸ்."

"இன்னைக்குப் பார்வையாளர் நாளாச்சே. அவங்க இங்கதானே இருந்திருக்கணும்?"

"நான்தான் அனுப்பினேன்" என்றாள் லினெட். அதற்குமேல் பேசினால் அழுகை வந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

மிஸ் பெம்பர்டன் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை ஒருமுறை பார்த்தார்.

கீத்தால் பொறுக்க முடியவில்லை. "மிஸ், டெலிவிஷன் என் பேரைச் சொல்லுமா?"

"சொல்லாதுப்பா."

"ஹெப்பிள்டன் டவுன் ஆட்டத்தைக் காட்டுமா?"

"இப்படித் தோக்கிற அணியை யாரு காட்டுவாங்க?" அவர் அட்டையில் ஏதோ எழுதினார். லினெட் எட்டி எட்டிப் பார்த்தும் எழுத்து தெரியவில்லை. கடைசியில் அவரே திருப்பிக் காட்டினார். 'சாமான் அறைக்கு வேறு இடம் தேடவும்' என்று எழுதியிருந்தது.

"டெலிவிஷன் வரும்" என்றார். "வரட்டும். ஒரு மூலையில இருக்கட்டும். ரேடியோ அறை ரேடியோவுக்குத்தான். ஆனா அந்த டன்ஸ்டன் திங்கட்கிழமை காலையில கண் டாக்டர் முன்னால நிக்கணும். இல்லைன்னா நானே காதைப் பிடிச்சு இழுத்துட்டு வருவேன்."

ஆறு மணிக்கு, எந்த விதியிலும் இல்லாத நேரத்தில், வார்டுக் கதவு திறந்தது. கன்னத்தில் சேறும் கையில் உடைந்த பிஸ்கட் பையுமாக அம்மா வந்தார். தொண்டை கட்டிப்போயிருந்தது.

"காதுல பென்சில் செருகின ஒரு அம்மா கேட்டுலயே நின்னு, 'உடனே மேல போங்க'ன்னு சொன்னாங்க" என்று கிசுகிசுத்தார். "அந்த மீசைக்காரர் கதவைத் தட்டினப்போ திருடன்னு நினைச்சு, கதவுச் சங்கிலியைக்கூட எடுக்காம பேசினேன். சீட்டுல உன் எழுத்துப்பிழையைப் பார்த்த பிறகுதான் நம்பிக்கையே வந்தது."

லினெட் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை.

மூன்று வாரம் கழித்து லினெட்டின் காலைக் கீழே இறக்கினார்கள். ஊன்றுகோல் கொடுத்து நடந்து பழகச் சொன்னார்கள். அவள் முதலில் தட்டுத் தடுமாறிப் போனது கண் வார்டுக்குத்தான். அங்கே மிஸ்டர் டன்ஸ்டன் அறுவைச் சிகிச்சை முடிந்து, இரண்டு கண்ணிலும் கட்டோடு மல்லாந்து கிடந்தார். அன்று சனிக்கிழமை. அவர் காதில் ஹெட்போன் இருந்தது. அதில் லினெட்டின் அம்மா பேசிக்கொண்டிருந்தார்.

"நல்ல வேளை வந்தே. ஒரு சீட்டு எடுத்து எழுது" என்றார் அவர். "'வர்ணனையாளர் எட்னா அவர்களுக்கு. டவுசரைக் குறைச்சு, பந்தைக் கூட்டவும். இப்படிக்கு, கண் வார்டு, நாலாம் கட்டில்.'"

லினெட் பிழையில்லாமல் எழுதி, அடித்தளத்து அறையில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அங்கிருந்தவர்கள் அதைத் தொலைபேசியில் மைதானத்துக்கு வாசித்துக் காட்டினார்கள். அவள் மறுபடியும் கண் வார்டுக்கு வந்து, மிஸ்டர் டன்ஸ்டனின் ஹெட்போனில் ஒரு பக்கத்தை வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

"நாலாம் கட்டில் நேயர் ஒருத்தர் விருப்பம் தெரிவிச்சிருக்கார்" என்றார் அம்மா, மருத்துவமனை முழுக்கக் கேட்கும்படி. "முடியாதுங்க. இப்போ பாருங்க, மோஸோட டவுசர் கிழிஞ்சே போச்சு!"